முதுகைக் காட்டிப் படமெடுத்துக்கொண்ட ஊர்

ஜெயபுஷ்பம் டீச்சருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஆம்பூரில் முதலில் சொன்னவன் பால்காரன். விடிந்தும் விடியாத வேளையில் டீச்சர் நடுரோட்டில் நின்றுகொண்டு, ஒரு கறுப்புப் பெட்டியை வயிற்றோடு அணைத்துப் பிடித்து, அதற்குள் குனிந்து பார்த்தபடி, "அசையாதே, கண்ணு, அசையாதே" என்று அவனுடைய எருமையிடம் கெஞ்சினாராம். எருமை சொன்ன பேச்சைக் கேட்டது. அவன்தான் அரண்டுபோய்ச் செம்பைக் கீழே போட்டுவிட்டான்.

நடந்தது இதுதான். பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையலும் பூகோளமும் சொல்லிக்கொடுத்த ஜெயபுஷ்பத்துக்கு, சீமைக்குத் திரும்பிப் போன மிஷன் துரைசானி ஒருத்தி இரண்டு கேமராக்களை விட்டுவிட்டுப் போயிருந்தாள். ஒன்று கைக்கு அடக்கமான பெட்டிக் கேமரா; ஃபிலிம் சுருள் போட்டு எடுப்பது. இன்னொன்று முக்காலி மேல் நிற்கும் ராட்சசன். மேலே கறுப்புத் துணி, முன்னால் பித்தளை மூக்கு. பார்த்தால் சலாம் போடத் தோன்றும். ஆனால் அதன் வயிற்றை எலி தின்றுவிட்டிருந்தது; ஒரு படமும் எடுக்காது. 1934 பிறந்த அன்று மிஷன் கோயிலில் ஜெபம் முடிந்து வெளியே வந்ததும் டீச்சர் ஒரு முடிவு எடுத்தார். இந்த வருஷம் முழுக்கத் தினம் ஒரு படம். ராஜா, ராணி, துரைமார் யாரும் வேண்டாம். ஆம்பூர், ஆம்பூராக இருக்கும் ஆம்பூர், அது போதும்.

இதை ஃபரீதா டீச்சர் வாயாலேயே கேட்டாள். தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருந்த மஹபூப் பாஷா சாயபு வீட்டு மருமகள் அவள். பள்ளிகொண்டாவில் பிறந்து, ஆம்பூருக்குக் கல்யாணமாகி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. குரோஷா பின்னல் கற்றுக்கொடுக்க டீச்சர் அந்த வீட்டுக்கு வருவது வழக்கம். பின்னல் கொஞ்சம்தான் நடக்கும், பேச்சு நிறைய நடக்கும்.

அன்றைக்கு டீச்சர் வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது. பையிலிருந்து படங்களை எடுத்துப் பாயில் பரப்பினார்.

"பாரும்மா ஃபரீதா. நீயே சொல்லு, இது ஒரு ஊரா?"

ஃபரீதா பார்த்தாள். கசாப்புக் கடைக்காரர் கோட்டுப் போட்டுக்கொண்டு, உலக்கையை விழுங்கியவர் போல நின்றார். நாவிதர் கடையை மூடிவிட்டு, கையில் யாரோ கொடுத்த இங்கிலீஷ் புத்தகத்தோடு நின்றார். அத்தர் வியாபாரி அப்துல் சமத் ஒரு கையை இடுப்பில் வைத்து, இன்னொரு கையை ஒரு பூந்தொட்டி மேல் வைத்திருந்தார். அந்தப் பூந்தொட்டி போஸ்டாபீஸுக்குச் சொந்தமானது.

ஃபரீதாவுக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்தது. "இன்னா டீச்சரம்மா இது! ஊரே சம்பந்தி வீட்டுக்குக் கிளம்பின மாதிரி இருக்குது."

"அதுதான் பேஜாரு. பெட்டியைத் தூக்கினா போதும், எல்லாரும் மரப்பாச்சி ஆயிடறாங்க. எருமை ஒண்ணுதான் ஒழுங்கா நின்னுச்சு."

சொல்லிக்கொண்டே டீச்சர் அந்தச் சின்னப் பெட்டியை ஃபரீதாவின் மடியில் வைத்தார். மேலே தபால் தலை அளவுக்கு ஒரு கண்ணாடி. ஃபரீதா குனிந்து பார்த்தாள். உள்ளே அவர்கள் வீட்டு முற்றம் இருந்தது! கிணறு, துணிக்கொடி, கோழி, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த மாமியார் அக்தரி பேகம், எல்லாரும் அந்தக் கண்ணாடிக்குள் இடம் வலமாக மாறி, மின்னிக்கொண்டு இருந்தார்கள். மாமியார் யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் ஓர் அரிசியை எடுத்து வாயில் போட்டு மென்றார்.

ஃபரீதாவின் உடம்பு முழுக்க ஒரு குறுகுறுப்பு ஓடியது. சின்ன வயதில் ராட்டினத்தில் ஏறி உச்சியில் நிற்கும்போது வயிற்றுக்குள் வருமே, அது.

"டீச்சரம்மா," என்றாள் மெதுவாக. "உங்களைப் பாத்தாதானே எல்லாரும் வெறைச்சிக்கிறாங்க? என்னை யாரும் பாக்க மாட்டாங்களே."

"நீ எப்படி வெளிய வருவே?"

"கூண்டு வண்டியில வருவேன். திரையைப் போட்டுக்கிட்டு உள்ள உக்காந்துக்கறேன். நீங்க அந்தப் பெரிய கேமராவை நட்டு வெச்சிக்கிட்டு முன்னாடி நில்லுங்க. எல்லாரும் உங்களைப் பாத்து நிப்பாங்க. நான் சின்னதை வெச்சிக்கிட்டு பின்னாடி இருந்து…"

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு ஒருவர் வாயை ஒருவர் பொத்திக்கொண்டார்கள். அக்தரி பேகம் முற்றத்திலிருந்து, "குரோஷாவுல சிரிக்கறதுக்கு இன்னாடி இருக்குது?" என்று குரல் கொடுத்தார்.

நூல் வாங்கப் போய்வரட்டுமா என்று கேட்டதும் மாமியார் சரியென்றார். கூட டீச்சர் போகிறார். வண்டி ஓட்டுவது காசிநாதன், பல வருஷமாக அந்த வீட்டு ஆள். காசிநாதனிடம் மட்டும் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கேட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாது சின்னம்மா. நான் மாட்டைப் பாத்துக்கறேன். மாடு உங்களைப் பாத்துக்கும்" என்றார்.

முதல் நாள் கடைத்தெரு. டீச்சர் முக்காலியை நட்டார். ராட்சசன் எழுந்து நின்றதும் ஜனங்கள் கூடிவிட்டார்கள். "ஒரு நிமிஷம் டீச்சர்!" என்று ஓடிப்போய்த் தலை வாரிக்கொண்டு வந்தார்கள். நெஞ்சை நிமிர்த்தினார்கள், மூச்சைப் பிடித்தார்கள். டீச்சர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, உள்ளே எலி தின்ற ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்களுக்குப் பின்னால் புளியமரத்தடியில் நின்ற கூண்டு வண்டியில், திரையின் கிழிசல் வழியே பெட்டியின் கண்ணை நீட்டிக்கொண்டு ஃபரீதா இருந்தாள். குனிந்து கண்ணாடியைப் பார்த்தவளுக்குத் தலை கிறுகிறுத்தது. முன்பக்கம் இஸ்திரி மடிப்புக் கலையாமல் நின்ற தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவின் சட்டை, முதுகில் நெடுக்கக் கிழிந்து ஊசி குத்தியிருந்தது. கசாப்புக் கடைக்காரர் முதுகுக்குப் பின்னால் மறைத்துவைத்த பீடியிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. மனு எழுதுகிற ஐயா ராஜகம்பீரமாக நிற்க, அவருடைய கக்கத்துக் காகிதங்களை ஓர் ஆடு பின்னாலிருந்து நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.

ஃபரீதா விசையைத் தட்டினாள். 'டிக்' என்றது. அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்து விறகு அறையை டீச்சர் இருட்டறையாக்கியிருந்தார். சிவப்புக் காகிதம் சுற்றிய விளக்குக்கு அடியில் மருந்துத் தண்ணீரில் ஃபிலிமை அலசி, காயவைத்து, வெயிலில் வைத்துக் காகிதத்தில் படம் போட்டார். மறுநாள் அதை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக ஃபரீதாவிடம் வந்தார். படத்தில் ஆடு அவ்வளவு தெளிவாக விழுந்திருந்தது. அதன் வாயிலிருந்து தொங்கிய காகிதத்தில் முத்திரைகூடத் தெரிந்தது. இருவரும் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்து, தண்ணீர் குடித்து, மறுபடி படத்தைப் பார்த்து, குடித்த தண்ணீரைத் துப்பினார்கள்.

அதற்குப் பிறகு வண்டி நிற்காத இடமில்லை. டீச்சர் பள்ளிக்கூடம் விட்டதும் ஃபரீதாவும் கிளம்பிவிடுவாள். நூல் நூலாக வாங்கி வீட்டில் ஒரு பெட்டி நிறைந்துவிட்டது. ரயில்வே ஸ்டேஷனில் அரக்கோணம் பக்கமிருந்து வரும் வண்டிக்காகக் காத்திருந்து தூங்கி வழிந்த போர்ட்டர்களை எடுத்தாள். மசூதிக் குளத்தில் கால் நனைத்துக்கொண்டே சண்டை போட்ட இரண்டு பெரியவர்களை எடுத்தாள். பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் கொட்டாங்கச்சியால் தண்ணீர் மொண்ட பெண்களை எடுத்தாள். அந்தப் படத்தில் ஒருத்தி திரும்பி வண்டியைப் பார்த்துவிட்டாள். திரையின் கிழிசலில் இருந்த கண்ணாடிக் கண்ணைப் பார்த்து, ஒன்றும் புரியாமல், ஆனாலும் சிரித்திருந்தாள்.

ஒருநாள் கணவன் ரஃபி அகமதுக்குச் சாப்பாட்டு அடுக்கைக் கொடுக்கும் சாக்கில் வண்டி தோல் ஷாப்புக்குள்ளேயே போனது. இரண்டு வருஷமாக அந்த வாசனையோடு குடித்தனம் நடத்தியவள் ஃபரீதா. 'உள்ள இன்னா இருக்கும்?' என்று கணவனிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். 'இன்னா இருக்கும்? தொட்டி இருக்கும், தோலு இருக்கும்' என்பான் அவன். இப்போது திரை இடுக்கில் பார்த்தாள். வரிசை வரிசையாகத் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் டீத் தண்ணீர் நிறத்தில், தோலைப் பதப்படுத்தும் ஆவாரம்பட்டைச் சாறு. தொடை ஆழத்தில் நின்று தோலை மிதித்தபடி ஆட்கள் பாட்டுப் பாடினார்கள். மலை மலையாகக் குவிந்த பட்டையைப் பெண்கள் உலக்கை மாற்றி இடித்தார்கள். கொட்டகை முழுக்கக் கொடிகளில் தோல்கள் காற்றில் ஆடின. யானைக் காதுகள் ஆயிரம் ஒரே சமயத்தில் ஆடுவது போல இருந்தது. ரஃபி அகமது சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு தோலை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டில் அவள் பார்த்தேயிராத ஒரு முகம் அவனுக்கு அங்கே இருந்தது. பள்ளிகொண்டாவிலிருந்து வந்த பெண் அந்த நிமிஷத்தில் தன் புருஷன்மேல் புதிதாக ஒரு தடவை ஆசைப்பட்டாள். 'டிக்.'

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் ஊர் சும்மா இருக்குமா? "எங்க படம் எங்க டீச்சர்?" என்று நச்சரிக்க ஆரம்பித்தது. டீச்சருக்குப் பொய் சொல்ல வராது. எடுத்த படம் இருக்கிறது. எடுத்த ஆள் யார் என்று மட்டும் சொல்ல முடியாது. ஆகவே கேட்டவர்களுக்குப் படத்தைக் கொடுத்தார்.

அப்துல் சமத் தன் படத்தை வாங்கிப் பார்த்தார். கவிழ்த்துப் பார்த்தார். வெயிலில் காட்டிப் பார்த்தார். பின்னந்தலையில் வெள்ளிக்காசு மாதிரி ஒரு வழுக்கை.

"இது யாரு?"

"நீங்கதான் பாய்."

"எனக்கு இந்த வழுக்கை எப்ப வந்துச்சு?" என்று தலையைத் தடவிப் பார்த்துத் திடுக்கிட்டார். "அது இருக்கட்டும். நான் முன்னாடிதானே நின்னேன்? முதுகு எப்படி வந்துச்சு?"

எல்லாரும் அதையே கேட்டார்கள். டீச்சர், "அது வந்து… கேமராவுக்குள்ள எல்லாமே தலைகீழாத்தான் விழும்…" என்று தொடங்கினார். அது பூகோள வகுப்பிலும் அவர் சொல்லும் உண்மைதான். அதற்கு மேல் அவர் சொல்ல அவசியமே இருக்கவில்லை. அப்துல் சமத்துக்கு எதற்கும் விளக்கம் சொல்லிப் பழக்கம். ஒரு கையை உயர்த்திக் கூட்டத்தை அடக்கினார்.

"புரிஞ்சிபோச்சு! மேல இருக்கறது கீழ விழுது. அப்ப முன்னாடி இருக்கறது எங்க போவும்? பின்னாடிதான் போவும். இது சீமைக் கணக்கு. முகம் வரணும்னா முதுகைக் காட்டணும்!"

ஊர் அதை ஒப்புக்கொண்டது. தோல் ஷாப்பில் வேலை செய்கிற ஊருக்கு முன்பக்கம் பின்பக்கம் புரட்டிப் பார்ப்பது பழகின விஷயம்தானே. அன்று முதல் டீச்சர் முக்காலியை நட்டதும் ஜனங்கள் ஒழுங்காக வரிசையில் நின்று, ஒரே சமயத்தில் திரும்பி, கேமராவுக்கு முதுகைக் காட்டினார்கள். வழியில் போன வெளியூர்க்காரர்கள் இது என்ன ஊர் என்று பயந்து வேகமாக நடந்தார்கள்.

கூண்டு வண்டிக்குள் ஃபரீதாவுக்கு மூச்சு நின்றுவிட்டது. அத்தனை முகங்களும் இப்போது அவளைப் பார்த்தன! கேமராவுக்கு முதுகுதானே காட்டுகிறோம் என்ற நினைப்பில் ஒருவரும் விறைக்கவில்லை. ஒருவர் கொட்டாவி விட்டார். ஒருவர் பக்கத்து ஆளிடம் ரகசியம் சொன்னார். கசாப்புக் கடைக்காரர் மெதுவாக ஒரு ராகத்தை முணுமுணுத்தார். நாவிதர் எதையோ நினைத்துத் தனக்குத்தானே சிரித்தார். முகத்தில் மாட்டியிருந்த பூட்டெல்லாம் தானாகத் திறந்துகொண்டது போலிருந்தது. ஃபரீதா 'டிக்' என்று தட்டிவிட்டுத் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். முன்னால் உட்கார்ந்திருந்த காசிநாதனின் முதுகும் குலுங்கியது. மாட்டுக்கு மட்டும் சிரிக்கக் காரணம் தெரியவில்லை.

படங்கள் கைக்கு வந்ததும் ஊர் மெய்மறந்தது. "பாத்தீங்களா, என் கணக்கு!" என்று அப்துல் சமத் அத்தர் விற்பதையே விட்டுவிட்டு யோசனை சொல்லித் திரிந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் மிஷின் வந்தது.

தோலை அழுத்தி வழவழப்பாக்குகிற இரும்பு உருளை மிஷின். மஹபூப் பாஷா சாயபுவும் அவருடைய கூட்டாளி முக்தார் அகமதும் சேர்ந்து சீமையிலிருந்து வரவழைத்தது. ரயிலில் இறங்கி, மாட்டுக் கூட்டம் இழுக்க ஷாப்புக்கு வந்தபோது ஊரே பின்னால் வந்தது. வாசலில் அதன் சக்கரங்களைத் தரையில் இறக்கி, அது உருளாமல் ஒரு கல்லை முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். அங்கிருந்து தொட்டிகள் வரைக்கும் தரை லேசாகச் சரிவு.

"டீச்சரைக் கூப்பிடுங்க! இன்னைக்குப் படம் இதுதான்!" என்றார் மஹபூப் பாஷா. வெள்ளை ஜிப்பா, கரை போட்ட சால்வை, மருதாணிச் சிவப்பில் தாடி. கூட்டாளியும் மற்ற சாயபுமாரும் அதே வெளுப்பில் வந்திருந்தார்கள்.

யார் எங்கே நிற்பது என்று அப்துல் சமத் முடிவு செய்தார். வாசலில் டீச்சரின் முக்காலி; அதற்கு முன் மிஷின்; மிஷினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாயபுமார்; அவர்களுக்கு எதிரே பட்டைத் தொட்டிகள். தொட்டிகளுக்கு அந்தப் பக்கம் வேப்பமர நிழலில் யாரும் கவனிக்காத ஒரு கூண்டு வண்டி. "முன்னாடி நிக்கற மிஷின் படத்துல பின்னாடி வரும், உங்க முகம் முன்னாடி வரும், எல்லாம் சரியா இருக்குது!" என்றார். உண்மையில் ஃபரீதாவே வந்து நிறுத்தியிருந்தாலும் இவ்வளவு அழகாக நிறுத்தியிருக்க முடியாது.

மேஸ்திரி அமீர் பாஷா குள்ளமான ஆள். பெரிய ஆட்களின் வரிசையில் தான் மறைந்துவிடுவோமே என்று அவருக்குக் கவலை. சுற்றுமுற்றும் பார்த்தார். ஏறி நிற்க வாகாக ஒரு கல் கண்ணில் பட்டது. மிஷின் சக்கரத்தடியில் இருந்தது. உருவி எடுத்துக்கொண்டு வந்து, போட்டு, ஏறி நின்று, மலர்ந்த முகத்தோடு நிமிர்ந்தார்.

"அசையாதீங்க!" என்றார் டீச்சர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து.

ஃபரீதா கண்ணாடியில் பார்த்தாள். மாமனார் தாடியை நீவிக்கொண்டிருந்தார். ரஃபி அகமது கண்ணை மூடி வெயிலை அனுபவித்துக்கொண்டிருந்தான். அவர்கள் தலைக்கு மேல் மிஷின் கறுப்பாக நின்றது. என்ன அழகு என்று நினைத்தாள். அப்புறம் மிஷின் கொஞ்சம் பெரிதானது போலத் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்தாள். இன்னும் பெரிதானது.

அடுத்து அவள் யோசிக்கவே இல்லை. கை விசையைத் தட்டியது. வாய் தன்பாட்டுக்குத் திறந்துகொண்டது.

"மாமா! மிஷின் வருது மாமா! ஓடுங்க!"

சாயபுமார் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஓட வழி இருந்த ஒரே பக்கம் ஓடினார்கள், அதாவது முன்பக்கம். முன்பக்கத்தில் தொட்டிகள் இருந்தன. தொபுக், தொபுக், தொபுக் என்று ஊரின் பெரிய மனிதர்கள் ஒருவர் பின் ஒருவராக ஆவாரம்பட்டைத் தண்ணீரில் இறங்கினார்கள். மிஷின் கடகடவென்று வந்து, தொட்டியின் கரைக்கட்டில் மூக்கை முட்டி, பெருமூச்சு விட்டது போல ஒரு சத்தம் போட்டு நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அமீர் பாஷா மட்டும் கல் மேலேயே நின்றார். மிஷின் அவரை உரசாமல் பக்கவாட்டில் போயிருந்தது.

சத்தத்தில் மிரண்ட மாடு ஒரு குலுக்குக் குலுக்கியது; வண்டித் திரை அறுந்து விழுந்தது. அவசரமாக முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கையில் பெட்டியோடு ஃபரீதா எல்லார் முன்னிலையிலும் உட்கார்ந்திருந்தாள்.

அந்த அமைதியில் டீச்சர் கறுப்புத் துணியை விலக்கி வெளியே வந்து, ஆளில்லாத வரிசையைப் பார்த்து, "எல்லாரும் அசைஞ்சிட்டீங்களே!" என்றார்.

இடுப்பளவு தண்ணீரில் நின்ற மஹபூப் பாஷா வண்டியைப் பார்த்தார். ஜிப்பா, சால்வை, தாடி எல்லாம் ஒரே பழுப்பு. "யாரும்மா அது?"

"நான்தான் மாமா. ஃபரீதா."

"கையில இன்னா?"

"கேமரா மாமா."

"அப்ப டீச்சர் கையில இருக்கறது?"

ஃபரீதா டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் வானத்தைப் பார்த்தார். "அது எலி தின்னது மாமா."

அன்று மத்தியானம் வீட்டில் ஒரு பாத்திரம் சத்தம் போடவில்லை. மாமனார் மறுபடி மறுபடி குளித்தார், நிறம் போகவில்லை. தோலை ஆயுசுக்கும் சாயம் மாறாமல் காப்பாற்றுகிற பட்டை, சாயபுமாரை மட்டும் சும்மா விடுமா? உள்ளே ஃபரீதா சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள். ஆனால் அந்தத் 'தொபுக்' நினைவுக்கு வரும்போதெல்லாம் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கடித்துக் கடித்து உதடு வீங்கிவிட்டது.

ரஃபி அகமது வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். காதுவரை பழுப்பு. பிறகு குரலைத் தாழ்த்தி, "என் முகம் ஒழுங்கா விழுந்துச்சா?" என்று கேட்டான்.

"கண்ணை மூடிக்கிட்டிருந்தீங்க."

"சே!" என்றான்.

டீச்சர் படங்களோடு உடனே வர வேண்டும் என்று மாமனார் ஆள் அனுப்பினார். "எங்க மானம் அந்தப் பெட்டிக்குள்ள கிடக்குது. இங்கேயே கொளுத்திட்டுத்தான் மறு வேலை" என்று முக்தார் அகமதும் வந்து உட்கார்ந்துவிட்டார். டீச்சர் அன்றைய ஃபிலிமைக் கழுவிக் காயவைத்து, படம் போட்டு, மறுநாள் மதியத்துக்குள் வந்தார். அந்த ஒரு படத்தோடு நிற்கவில்லை. பிஸ்கோத்து டப்பா நிறைய இதுவரை எடுத்த எல்லாவற்றையும் கொண்டுவந்தார். "கொளுத்தறதா இருந்தா முழுசா பாத்துட்டுக் கொளுத்துங்க சாயபு" என்றார். டப்பாவை நேராக அவர் மடியில் வைத்தார்.

மேலே இருந்தது மிஷின் படம். மஹபூப் பாஷா எடுத்துப் பார்த்தார். கொஞ்சம் கலங்கல்தான், ஆனால் எல்லாம் தெரிந்தது. அவர்கள் ஓடுவதற்கு ஒரு கணம் முந்தியது. அவர் சுல்தான் போல தாடியை நீவிக்கொண்டிருந்தார். முக்தார் அகமது பெருமையில் வயிற்றை முன்னுக்குத் தள்ளியிருந்தார். இருவர் தலைக்கும் மேல் மிஷின் சாய்ந்து வந்துகொண்டிருந்தது. ஓரத்தில் அமீர் பாஷா கல்லின் மேல், உலகத்திலேயே சந்தோஷமான மனிதனாக நின்றார்.

மஹபூப் பாஷாவின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அக்தரி பேகம் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். அப்போது வெடித்தது அந்தச் சிரிப்பு. தெருவில் போனவர்கள் நின்று கேட்கிற சிரிப்பு.

"பாருய்யா முக்தாரு! எமன் பின்னாடி வர்றான், நீ தொப்பையைக் காட்டிக்கிட்டு நிக்கறே!"

"நீ மட்டும் இன்னா? தாடிக்கு நாட்டியம் சொல்லிக்கொடுக்கறே!" என்றார் முக்தார் அகமது. படத்தைப் பிடுங்கிப் பார்த்ததும் அவருக்கும் தாங்கவில்லை.

"மாசக்கணக்குல ஊறவெச்சாத்தான் தோலு பதமாவும். நம்மளை இந்தப் பொண்ணு ஒரே கூச்சல்ல பதமாக்கிட்டா!" மஹபூப் பாஷா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு உள்பக்கம் பார்த்துக் குரலை இறக்கிச் சொன்னார். "நீ கத்தலைன்னா நாங்க யாரும் இன்னைக்கு இங்க உக்காந்திருக்க மாட்டோம், மகளே. மானத்துக்குப் பயந்து வாயை மூடிக்கிட்டு இருக்கல பாரு. அல்லா உன்னை நல்லா வெக்கட்டும்."

ஃபரீதா கதவுக்குப் பின்னால் நின்று, இதுவரை அடக்கிவைத்த சிரிப்பையும் அழுகையையும் ஒரே சமயத்தில் வெளியே விட்டாள்.

டப்பா உள்ளே வந்தது. அக்தரி பேகம் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒவ்வொரு படமாக எடுத்தார். ஸ்டேஷன், மசூதிக் குளம், பாலாறு. "நூல் கடைக்கு இத்தினி வழியாவா போனே?" என்று மருமகளை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் ஒரு படத்தில் அவர் கை நின்றுவிட்டது. தொட்டிகள், ஆடும் தோல்கள், பட்டை மலை.

"இது எந்த ஊரு?"

"நம்ம ஷாப்பு மாமி."

அக்தரி பேகம் படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். அந்த ஷாப்பின் சோற்றைத்தான் அவர் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சாப்பிட்டார். பிள்ளைகளை அதில்தான் வளர்த்தார். அதன் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. "இவ்ளோ பெருசா?" என்றார். "நான் நம்ம முற்றம் அளவுக்கு இருக்கும்னு நெனச்சிட்டிருந்தேன்." பட்டை இடிக்கும் பெண்களை ஒவ்வொருத்தியாக விரலால் தொட்டுப் பார்த்தார். "இவளுங்க எல்லாம் யாரு? பேரு இன்னா?" ஃபரீதாவுக்குத் தெரியவில்லை. "கேட்டுக்கிட்டு வா" என்றார் மாமியார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு ஆண்கள் போனதும் அந்த முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. துணிக்கொடியில் துணிக்குப் பதிலாகப் படங்கள் தொங்கின. தெருவின் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். டீச்சரின் பள்ளிக்கூடத்துப் பெண்களும், தோல் ஷாப்பில் பட்டை இடிக்கிறவர்களும்கூட வந்தார்கள். "ஏ, இது எங்க வீட்டு ஆளு! இந்த மனுசன் பாடுவானா? வீட்டுல வாயே தொறக்க மாட்டானே!" என்று ஒருத்தி கூவினாள். கசாப்புக் கடைக்காரர் மனைவி பீடிப் புகையைப் பார்த்துவிட்டு, "விட்டுட்டேன்னு குரான் மேல சத்தியம் பண்ணானே!" என்று இடுப்பில் கை வைத்தாள். ஆட்டுப் படத்தின் முன் கூட்டம் கலையவே இல்லை. இந்தப் பக்கம் சிரிப்பு ஓய்ந்தால் அந்தப் பக்கம் எழும். கோழி பயந்து கூரையில் ஏறிவிட்டது.

டீச்சரும் ஃபரீதாவும் கிணற்றடியில் சாய்ந்து நின்று அந்த அமளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இன்னைக்குப் படம்?" என்றார் டீச்சர். ஃபரீதா பெட்டியைத் தூக்கினாள். முற்றத்தில் ஒருத்தியும் திரும்பவும் இல்லை, விறைக்கவும் இல்லை.

சனிக்கிழமை காலை காசிநாதன் வண்டி பூட்டி நின்றபோது ஃபரீதா ஏறப் போனாள். உள்ளே ஏற்கெனவே ஒருவர், வெற்றிலைப் பெட்டியோடும் தலையணையோடும், நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"மாமி?"

"தள்ளி உக்காரு. ஷாப்புக்குப் போவணும். அப்புறம் ஸ்டேஷனு. அந்தப் பெட்டியை இப்படிக் குடு."

எங்கே பார்க்க வேண்டும், எதைத் தட்ட வேண்டும் என்று ஃபரீதா வழி முழுக்கச் சொல்லிக்கொடுத்தாள். அக்தரி பேகம் எல்லாவற்றுக்கும் "தெரியும், தெரியும்" என்றார். ஷாப்பு வாசலில் வண்டி நின்றது. திரையை விலக்கி வெகு நேரம் பார்த்தார். அப்புறம் கேமராவை அணைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து, பிஸ்மில்லா சொல்லி, ஓங்கி ஒரு தட்டு.

படம் கழுவி வந்தபோது அதில் ஷாப்பு இல்லை. தொட்டி இல்லை, தோல் இல்லை, ஆள் இல்லை. படம் முழுக்க மூலைக்கு மூலை அடைத்துக்கொண்டு கறுப்பாக ஒரு உருண்டை. அதன் ஓரத்தில் மட்டும் ஒரு துளி வெயில்.

"மாமி, இது உங்க கட்டை வெரலு. கேமராக் கண்ணை மறைச்சிட்டீங்க" என்றாள் ஃபரீதா, முகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. "வேற எடுத்துக்கலாம். இதைத் தூக்கிப் போட்டுடலாமா?"

"ஏன் தூக்கிப் போடணும்?" என்றார் அக்தரி பேகம். படத்தை வாங்கி, எட்ட வைத்துப் பார்த்து, திருப்தியோடு துணிக்கொடியின் நட்டநடுவில், மசூதிக் குளத்துக்கும் பாலாற்றுக்கும் இடையில் மாட்டினார். "என் வெரலு இன்னா வேலூர்லயா இருக்குது? அதுவும் ஆம்பூர்லதானே இருக்குது!"